பத்தாம் வகுப்பில் ஒரு வருஷம்: பள்ளிக்கூடத்தில் என்னதான் நடக்குது?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சந்தா வசூல் முடிந்து உள்கடன் பேச்சு ஆரம்பித்தது. ஓர் அக்கா எழுந்து, "ஐந்நூறு ரூபா அவசரமா வேணும் மேடம். பள்ளிக்கூடத்துல டூர் போறாங்களாம். புள்ள ரெண்டு நாளா சரியா சாப்பிடாம அழுவுது" என்றார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "படிக்க அனுப்பினா டூரு, டான்ஸு, போட்டோன்னு வருஷம் பூரா இதே வேலையாப் போச்சு" என்றதும் கூட்டமே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் நாங்கள் ரெண்டே கேள்வி கேட்டோம். உங்க பிள்ளைக்கு அரையாண்டுப் பரீட்சை எந்த மாசம்? வகுப்பு டீச்சர் பேரு என்ன? ரெண்டுக்கும் பதில் சொன்னவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பலர் ஐந்தாவது, எட்டாவதோடு நின்றவர்கள். உயர்நிலைப் பள்ளியில் ஒரு வருஷம் எப்படி நகர்கிறது என்று நாம் உள்ளே இருந்து பார்த்ததில்லை. வங்கிக் கடனுக்குத் தவணை எந்தத் தேதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறோம். பள்ளிக்கும் அதே மாதிரி தேதிகள் இருக்கின்றன. பிள்ளைகள் படிப்பை விடுவதும், முக்கியமாகப் பெண் பிள்ளைகள் விடுவதும், பெரும்பாலும் அந்த வருஷத்தின் சில இடங்களில்தான் நடக்கிறது. களத்தில் நாங்கள் பார்த்தவரை அந்த இடங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அதனால் இந்த இதழில் நம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜூன் முதல் மே வரை என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஜூன், ஜூலை

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கிறது. பாடப்புத்தகம் இலவசம். பஸ் பாஸ் இலவசம். மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் நிறைய அம்மாக்கள் ஏமாந்து போகிறார்கள். இலவசச் சீருடை எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாவது போனதும் துணி எடுத்துத் தைப்பது நம் செலவு. அதே மாசம் விதை வாங்க வேண்டும், சின்னப் பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டும். போன வருஷத்துச் சீருடை குட்டையாகிப் போய், கூச்சப்பட்டுக்கொண்டு முதல் வாரமே பள்ளிக்குப் போகாமல் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை நாங்கள் பார்த்திருக்கிறோம். முதல் வாரம் போகாத பிள்ளை ரெண்டாவது வாரம் "இப்ப போனா டீச்சர் திட்டுவாங்க" என்று சொல்லும். அப்படியே ஒரு மாசம் ஓடிவிடும்.

பள்ளி திறந்ததும் வகுப்புத் தலைவர் யார் என்று முடிவு செய்வார்கள். சில வகுப்பில் டீச்சரே சொல்லிவிடுவார், சிலதில் பிள்ளைகள் கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். யார் கரும்பலகையில் தேதியும் வருகையும் எழுதுவது, யார் தண்ணீர்க் குடம் பார்த்துக்கொள்வது, யார் வகுப்பைப் பெருக்குவது என்று முறை போடுவார்கள். இந்த இடத்தில் எங்கள் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். பல பள்ளிகளில் பெருக்குவது பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்குவது பையன்கள் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. துடைப்பத்தைப் பையனும் பிடிக்கட்டுமே. பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் தலைமை ஆசிரியர்கள் மாற்றித்தான் விடுகிறார்கள். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் காலையில் வழிபாட்டுக் கூட்டம் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு திருக்குறளும் அதன் பொருளும், அன்றைய செய்தி, கடைசியில் நாட்டுப்பண். குறள் சொல்வதும் செய்தி வாசிப்பதும் முறை வைத்துப் பிள்ளைகளே செய்வார்கள். முந்நூறு பேர் முன்னால் மைக்கில் பேசுவது லேசுப்பட்ட காரியமா? குழுக்கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் முதல் தடவை எழுந்து பேசியபோது நமக்குக் கால் நடுங்கியதை மறந்திருக்க மாட்டோம். பிள்ளை முந்தின நாள் ராத்திரி சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போது "என்ன கத்துற" என்று அதட்டாமல், அடுப்புக்கு முன்னாலேயே உட்கார வைத்து ரெண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள்.

ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். நம் மாநிலப் பள்ளிகளில் இதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியம் எல்லாம் இருக்கும். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் படிக்க வரட்டும் என்று 1956ல் அவர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். வீட்டில் சும்மா பேசும்போது சொல்லுங்கள், நம் அம்மா அப்பா காலத்துக் கதையும் அதில் சேர்ந்துதான் இருக்கிறது.

பிறந்த நாள் வழக்கம் ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளை மட்டும் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போய் வகுப்புக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மிட்டாய்க்குக் காசில்லை, நல்ல உடுப்பு இல்லை என்று பிறந்த நாளன்று லீவு போடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பள்ளியில் ஒரு டீச்சர் இதைக் கவனித்துவிட்டு, மாசத்தில் ஒரு நாள், அந்த மாசம் பிறந்த எல்லாருக்கும் சேர்த்து மற்றவர்கள் கைதட்டிப் பாடுவது என்று மாற்றிவிட்டார். கலர் டிரஸ்ஸும் இல்லை, மிட்டாயும் இல்லை. எங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

ஆகஸ்ட், செப்டம்பர்

ஆகஸ்ட் 15 கொடியேற்றம். பெற்றோரையும் கூப்பிடுவார்கள். நாம் போவதில்லை. அன்றைக்கே கிராம சபையும் நடக்கிறது என்பதையும் ஞாபகம் வையுங்கள். பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அதைக் கிராம சபையில் எழுந்து சொல்லித் தீர்மானத்தில் எழுத வைக்கலாம். மாதவிடாய் நாட்களில் தண்ணீர் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து மாசம் நாலு நாள் லீவு போடும் பெண்ணுக்கு வருஷத்தில் எத்தனை நாள் போகும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். "அந்த மாத்திரை போட்டா வாந்தி வருது, கருப்பா போகுது" என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுவது உண்டு. சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றைப் புரட்டுவது குறையும். மலம் கருப்பாகப் போவது இரும்புச் சத்தால்தான், பயப்பட ஒன்றுமில்லை.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அன்றைக்குப் பிள்ளைகளே டீச்சராக மாறிச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பார்கள். பெண் பிள்ளைகள் அம்மாவின் புடவையைக் கேட்டு நச்சரிப்பார்கள். கொடுத்து அனுப்புங்கள். ரெண்டு ஊசி குத்தி மடிப்பு வைத்துக் கட்டிவிட்டால் போதும்.

அந்த மாசக் கடைசியில் காலாண்டுத் தேர்வு. இதை எல்லாரும் லேசாக நினைக்கிறார்கள், "இதுவா பப்ளிக்கு?" என்று. ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கி இருக்கிறது என்று டீச்சருக்குத் தெளிவாகத் தெரிவது இதில்தான். தேர்வு முடிந்து விடுமுறை கழித்து விடைத்தாள் கொடுப்பார்கள், மதிப்பெண் அட்டையில் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை நேரில் போய் வகுப்பு டீச்சரைப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண், 35 எடுத்தால் தேர்ச்சி. ஐந்து பாடம். இந்தக் கணக்கு தெரிந்தால் போதும். கணக்குப் பாடத்தில் 18 வாங்கியிருந்தால் மார்ச்சுக்குள் இன்னும் எவ்வளவு ஏற வேண்டும் என்று நமக்கே தெரிந்துவிடும். வட்டிக் கணக்கையே போடுகிறோம், இது என்ன பெரிய கணக்கு?

அக்டோபர், நவம்பர்: போட்டிகளும் டூரும்

ஆரம்பத்தில் அந்த அக்கா சொன்ன "டான்ஸு, டூரு" எல்லாம் பெரும்பாலும் இந்த மாசங்களில் வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பாட்டு, ஓவியம், நாடகம், நாட்டுப்புற ஆட்டம், வாத்தியம் என்று நிறையப் பிரிவுகள். முதலில் பள்ளி அளவில் போட்டி, அதில் ஜெயித்தால் வட்டார அளவு, பிறகு மாவட்டம், பிறகு மாநிலம். விளையாட்டும் இதே மாதிரிதான். குறுவட்டப் போட்டியில் ஆரம்பித்துப் படிப்படியாக மேலே போகும். கபடி, கோகோ, ஓட்டம், குண்டு எறிதல் எல்லாம் இருக்கும். பள்ளிக்குள்ளேயே பிள்ளைகளை அணி அணியாகப் பிரிப்பதும் உண்டு. 2024 நவம்பரில் மகிழ் முற்றம் என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாகப் பிரித்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் பகுதிப் பெண் ஒருத்தி ஒயிலாட்டக் குழுவில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டியிருந்தது. பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அம்மா போடவில்லை. "வயசுக்கு வந்த புள்ளைய வெளியூருக்கு அனுப்பி, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானதுதான். நாங்கள் அதைத் தள்ளிவிடவில்லை. குழுவிலிருந்து ரெண்டு பேர் அவரோடு பள்ளிக்குப் போனோம். கூட யார் போகிறார்கள், பெண் ஆசிரியர் இருக்கிறாரா, எந்த வண்டி, எப்போது திரும்புவார்கள், டீச்சரின் போன் நம்பர் என்ன என்று வரிசையாகக் கேட்டோம். பதில் கிடைத்ததும் அம்மா கையெழுத்துப் போட்டார். குழுவுக்கு மாவட்டத்தில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அதுவரைக்கும் பள்ளிக்குப் பாதி நாள் போகாத அந்தப் பெண், அதற்குப் பிறகு லீவு போடவே இல்லை என்று டீச்சர் சொன்னார். எல்லாப் பிள்ளைக்கும் கணக்கும் இங்கிலீஷும் பிடித்துவிடாது. சிலருக்குப் பள்ளியைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஆட்டமும் கபடியும்தான். பரிசு ரெண்டாம் பட்சம்.

டூர் விஷயத்துக்கு வருவோம். டூர் கட்டாயம் இல்லை. காசு கட்டாததால் பிள்ளையைத் திட்டவோ, மதிப்பெண் குறைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. இருந்தாலும் வகுப்பே போகும்போது நம் பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கடைசி நேரத்தில் கந்து வட்டிக்கு ஓடுவதுதான் தப்பு. நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் ஜூனிலிருந்து வாரம் பத்து ரூபாய் கல்விச் சந்தா என்று தனியாகப் போடுகிறார்கள். நாற்பது வாரத்தில் நானூறு ரூபாய் ஆகிறது. அதைத் தனி ஏட்டில் எழுதி, டூருக்கோ, சார்ட்டு, ஸ்கெட்ச் பேனா, ரெக்கார்டு நோட்டு வாங்கவோ எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று பிள்ளை இருக்கும் வீட்டில் முப்பது ரூபாய் போடவும் சிரமம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களுக்குக் குழு உள்கடனில் முதலிடம் கொடுக்கலாமே.

நவம்பர் 14 குழந்தைகள் தினம். பாட்டு, கோமாளி வேஷம், மிட்டாய் என்று அரை நாள் போகும்.

டிசம்பர்: ஒரு எழுத்து, ஒரு தேதி

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அதற்குப் பின் கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறை. ஆனால் இந்தக் காலத்தில் ஒரு சின்ன வேலை நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தோம்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பள்ளி தயார் செய்து அனுப்பும். பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாம் அதில் இருக்கும். சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டுக்கு ஒரு தாள் வரும், அல்லது நம்மைப் பள்ளிக்குக் கூப்பிடுவார்கள். அதில் இருப்பதுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வரும். பிற்காலத்தில் வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அதைத்தான் கேட்பார்கள்.

ஒரு அம்மா தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். படித்துப் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் அவசரம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது யாரோ வாய்க்கு வந்த பிறந்த தேதியைச் சொல்லியிருக்கிறார்கள், பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் வேறு தேதி. சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்த அந்தக் குடும்பம் அலைந்த அலைச்சலில் எத்தனை நாள் கூலி போனது என்று அவர்களே கணக்கு விட்டுவிட்டார்கள்.

அதனால் தாள் வந்தால் பிறப்புச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். தமிழில் இருப்பதையும் பாருங்கள், இங்கிலீஷில் இருப்பதையும் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுக்கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். கணக்கு எழுதும் நம் பிரதிநிதிக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது? தப்பு இருந்தால் உடனே தலைமை ஆசிரியரிடம் சொல்லி எழுதிக் கொடுங்கள். பட்டியல் அனுப்பும் முன் திருத்துவது சுலபம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லாதவர்கள் இந்த மாசமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து விடுங்கள். உதவித்தொகைக்கும் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் தேவைப்படும். உதவித்தொகை என்றதும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கென்று ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. "எம் புள்ளைக்கு இதெல்லாம் கிடைக்குமா" என்று நாமே முடிவு கட்டாமல் விண்ணப்பம் எப்போது என்று டீச்சரிடம் கேளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை: வழுக்கும் இடம்

பொங்கலுக்கு முன் பள்ளியில் சமத்துவப் பொங்கல் வைப்பார்கள். கோலப்போட்டி, உறியடி, எல்லாரும் பட்டுப்பாவாடை, வேட்டி என்று ஒரே கலகலப்பு. பண்டிகை முடிந்து பள்ளி திறந்தால் அந்தக் கலகலப்பு இருக்காது. பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு. பிப்ரவரி வாக்கில் அறிவியல் செய்முறைத் தேர்வு. அதற்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறைத் தேர்வன்று லீவு போட்டால் அந்த 25ம் கையை விட்டுப் போகும். உறவு வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் அன்றைக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரியாக இதே நேரத்தில்தான் நம் ஊர்களில் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புவது. முன்பணம் வாங்கியாயிற்று, போகாமல் இருக்க முடியாது என்கிறார்கள். பிள்ளையையும் கூட்டிப் போனால் ஏழு மாசம் படித்தது வீண். பாட்டி வீட்டிலோ, சித்தி வீட்டிலோ விட்டுப் போங்கள். யாரும் இல்லையென்றால் விடுதியில் இடம் கிடைக்குமா என்று கிளம்புவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடமும் எங்களிடமும் பேசுங்கள். கிளம்பின பிறகு போன் போட்டால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இன்னொன்று, சாயந்திர வகுப்பு. அது முடிய ஆறு, ஆறரை ஆகும். பஸ் பிடித்து ஊர் விலக்கில் இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து ஊருக்குள் நடை. வழியில் யாரோ ஒரு பையன் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான் என்று பேச்சு வரும். "போதும் படிச்சது, நாளையிலிருந்து வீட்ல இரு" என்று அப்பா சொல்லிவிடுவார். அத்தோடு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் ஆரம்பித்துவிடும். களத்தில் நாங்கள் பார்த்த நின்று போன பெண்களில் நிறையப் பேர் பாடம் வராமல் நின்றவர்கள் கிடையாது. அந்த இருட்டு வழியால் நின்றவர்கள்.

ஒரு ஊரில் நம் குழுக்கள் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பத்தாவது படிக்கும் பெண்கள் ஏழு பேர். தினம் ரெண்டு அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு டார்ச் லைட்டோடு விலக்குக்குப் போய் நின்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளை இல்லாத ஓர் அக்காவும் வெள்ளிக்கிழமை முறை கேட்டு வாங்கினார். அந்த வழியில் ஒரு தெருவிளக்கு வேண்டும் என்று ஜனவரி 26 கிராம சபையில் மனுவும் கொடுத்தார்கள். விளக்கு வர ஜூன் ஆனது, அது வேறு கதை. ஆனால் ஏழு பேரும் பரீட்சை எழுதினார்கள். அதே குழு சாயந்திர வகுப்புக்கு வாரம் ரெண்டு நாள் சுண்டலும் அவித்துக் கொடுத்தது. மதியம் சாப்பிட்ட சோறு ஆறு மணி வரை தாங்குமா?

பதினெட்டு வயசு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிப் பேச்சு எழுந்தால் 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், காசு கிடையாது.

இந்த நெருக்கடிக்கு நடுவிலேதான் ஆண்டு விழா, குரூப் போட்டோ, பிரிவு உபசார விழா எல்லாம் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு விருந்து வைப்பார்கள், கேக்கோ கேசரியோ. போகிற பிள்ளைகள் காசு போட்டுப் பள்ளிக்குச் சுவர்க்கடிகாரமோ மின்விசிறியோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆட்டோகிராப் நோட்டு கையிலிருந்து கைக்கு மாறும். "என்னை மறந்துடாதே" என்று எழுதி அழுவார்கள். நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதில் ரெண்டு மூன்று பேருக்கு அதுதான் கடைசிப் பள்ளி நாளாக இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். குரூப் போட்டோவை மட்டும் வாங்காமல் விடாதீர்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை பெட்டியைத் திறந்து தேடுவது அதைத்தான்.

பரீட்சை, முடிவு, அதற்குப் பின்

பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் நடக்கும். நுழைவுச்சீட்டு வந்ததும் பேனாவோடு சேர்த்துச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிடுவது நம் பழக்கம். சர்ச்சுக்கும் தர்காவுக்கும் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. கும்பிட்ட கையோடு அதைப் பைக்குள் வைத்தாயிற்றா என்று பாருங்கள். சாமி மாடத்திலேயே விட்டுவிட்டுப் போய் மையத்து வாசலில் நின்று அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசிப் பரீட்சையன்று ஒருவர் சட்டையில் ஒருவர் இங்க் தெளித்துக்கொள்வது ரொம்ப நாளாக நடக்கும் வழக்கம். டீச்சர்கள் என்ன சொன்னாலும் கேட்பதில்லை. அந்தச் சீருடையைத் தங்கச்சிக்கு வைத்திருந்தால் காலையிலேயே சொல்லி அனுப்புங்கள்.

மே மாசம் முடிவு வரும். இங்கேதான் கடைசி வழுக்கல். ஒரு பாடத்தில் போனாலும் "அவ்வளவுதான், மில்லுக்கு அனுப்பிடலாம்" என்று முடிவெடுத்துவிடுகிறோம். தோற்ற பாடத்தை மட்டும் அடுத்த ஓரிரு மாசத்திலேயே துணைத்தேர்வில் எழுதலாம். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு, அதனால் முடிவு வந்த அன்றே பள்ளிக்குப் போய்த் தேதி கேளுங்கள். ஜெயித்தால் அதே வருஷம் பதினோராம் வகுப்பில் சேரலாம், ஒரு வருஷமும் வீணாகாது.

தேறினவர்கள் மாற்றுச் சான்றிதழை வாங்கி, மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய வேண்டும். அரசுப் பள்ளியிலேயே தொடர்வது நல்லது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினோராவதில் விலையில்லா சைக்கிள் உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய். நடுவில் ரெண்டு வருஷம் தனியாருக்கு மாற்றினால் இதெல்லாம் கைநழுவலாம், விசாரிக்காமல் மாற்றாதீர்கள். பதினோராம் வகுப்புக்கு இருந்த பொதுத்தேர்வை 2025ல் எடுத்துவிட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "பதினொண்ணுலயும் பப்ளிக்காமே" என்று பயந்து நின்ற பிள்ளைகள் நம் ஊரில் இருந்தார்கள்.

டார்ச் லைட் பிடித்த ஊரில் ஏழு பேரில் ஆறு பேர் தேறினார்கள். ஒருத்தி கணக்கில் 29. அவள் அம்மா முதல் நாள் எங்களிடம் பேசவே இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை முறை எடுத்த அந்த அக்காதான் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். துணைத்தேர்வில் 41 வாங்கி, கொஞ்சம் தாமதமாகப் பதினோராவதில் சேர்ந்தாள். போன வாரம் அந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனபோது ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது. பின்னால் கேரியரில் அம்மா, மடியில் ரேஷன் பை.